தாய் சேய் நலத் தரவு வேலையில் இன்டர்ன்ஷிப்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொதுச் சுகாதாரம், புள்ளியியல், மக்கள்தொகையியல், செவிலியம் என்று எதில் முதுநிலை படித்துக்கொண்டிருந்தாலும் சரி, தாய் சேய் நலத் தரவுப் பிரிவு ஒன்றில் சில மாதங்கள் இன்டர்னாக வேலை பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் கணக்கு பெரிய தடை இல்லை. பெரும்பாலும் எண்ணுவதும் வகுப்பதும்தான். எதை எதால் வகுக்கிறோம், ஒவ்வொரு வரியையும் யார் எங்கே உட்கார்ந்து எழுதினார்கள் என்பதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அதனால் மென்பொருளைப் பற்றிக் கொஞ்சமும், இவற்றைப் பற்றி நிறையவும் சொல்லப்போகிறேன்.

எந்த இடத்துக்குப் போவது

தாய் சேய் நலத் தரவு பொதுவாக நான்கு இடங்களில் உருவாகிறது. முதலாவது, பிறப்பு இறப்புப் பதிவு. இரண்டாவது, மருத்துவமனைகளும் சுகாதார நிலையங்களும் மாதாமாதம் அனுப்பும் எண்ணிக்கை. பல நாடுகளில் இது ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டிஎச்ஐஎஸ்2 மென்பொருளில் ஏறுகிறது. மூன்றாவது, வீடு வீடாகப் போய் எடுக்கும் சர்வே. நான்காவது, ஒவ்வொரு தாய் இறப்பையும் தனித்தனியாக எடுத்து விசாரிக்கும் மறு ஆய்வுக் குழு.

புதியவருக்கு முதல் இரண்டைத்தான் நான் சொல்வேன். தரவு பிறக்கிற இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். சர்வே நிறுவனத்தில் புள்ளியியல் நன்றாகப் பழகும், ஆனால் கையில் வருவது ஏற்கெனவே துவைத்து மடித்த கோப்பு. மறு ஆய்வுக் குழு வேலை ஆழமானது, மனதுக்குப் பாரமானதும்கூட.

வாய்ப்பு வந்ததும் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் கேட்க வேண்டியது: தரவு இப்போதே அலுவலகத்தின் கையில் இருக்கிறதா, நான் அதைத் தொட அனுமதி வாங்கியாயிற்றா? இன்டர்ன்ஷிப்கள் வீணாகப் போவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தரவுப் பகிர்வு ஒப்பந்தம், கணினிக் கணக்கு திறப்பது என்று ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் போகும், சில இடங்களில் மாதக்கணக்கிலும். பத்து வார இன்டர்ன்ஷிப்பில் ஏழாவது வாரம் கோப்பு வந்தால் என்ன செய்ய முடியும்? "சீக்கிரம் வந்துவிடும்" என்று பதில் வந்தால், வரும்வரை வேறு எந்தக் கோப்பில் வேலை செய்யலாம் என்று அப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தினமும் சந்தேகம் கேட்க யார் இருப்பார்கள் என்று விசாரியுங்கள். பிரிவுத் தலைவரின் பெயர் கடிதத்தில் இருக்கும், ஆனால் அவர் எப்போதும் கூட்டத்தில் இருப்பார். பக்கத்து மேசைக்காரர் யார் என்பதே முக்கியம். உதவித்தொகை உண்டா இல்லையா என்பதையும் கூச்சப்படாமல் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

போவதற்கு முன்: வரையறைகள்

இதை மனப்பாடம் செய்துகொண்டு போவதில் தவறே இல்லை. கூட்டத்தில் எல்லோரும் இவற்றைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

கர்ப்பமாக இருக்கும்போதோ கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புள்ள காரணத்தால், அல்லது கர்ப்பத்தாலோ அதற்கான சிகிச்சையாலோ மோசமான ஒரு நோயால் நிகழும் மரணம் தாய் இறப்பு. விபத்து போன்றவை சேராது. 42 நாள் கடந்து ஓராண்டுக்குள் நிகழ்ந்தால் அது தாமதமான தாய் இறப்பு என்று தனியாக எண்ணப்படும். தாய் இறப்பு விகிதம் என்று வழக்கமாகச் சொல்வது ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு எத்தனை இறப்பு என்பதை. இதிலேயே ஒரு வழுக்கல் உண்டு: இனப்பெருக்க வயதுப் பெண்களின் எண்ணிக்கையால் வகுக்கும் வேறொரு அளவும் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்றில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் உள்ள ஆபத்து தெரியும். மற்றதில் எத்தனை பெண்கள் கர்ப்பம் தரிக்கிறார்கள் என்பதும் கலந்துவிடும். இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது பகுதியில், அதாவது எதால் வகுத்தார்களோ அந்த எண்ணில், என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

குழந்தைகளுக்கு: பிறந்து 28 நாள் முடிவதற்குள் இறந்தால் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒரு வயதுக்குள் என்றால் சிசு இறப்பு. இரண்டும் ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்குக் கணக்கிடப்படும். 2,500 கிராமுக்குக் குறைவு என்றால் எடை குறைந்த பிறப்பு. சரியாக 2,500 இருந்தால் அந்தக் குழந்தை இதில் வராது. 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைப்பிரசவம். இறந்து பிறத்தலை நாடுகளுக்கிடையே ஒப்பிட உலக சுகாதார நிறுவனம் 28 வாரத்தை எல்லையாக வைக்கிறது. ஆனால் உள்நாட்டுக் கணக்கில் 20, 22, 24 வாரம் என்று எல்லை இடத்துக்கு இடம் மாறும். ஒரு நாட்டில் இறந்து பிறத்தல் அதிகம் என்று படித்தால், அங்கே கோடு எங்கே கிழித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கவலைப்படலாம்.

இலக்குகளும் தெரிந்திருக்கட்டும். 2030க்குள் உலக அளவில் தாய் இறப்பு ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 70க்குக் கீழே, ஒவ்வொரு நாட்டிலும் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 12 என்ற அளவுக்காவது, ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு 25 என்ற அளவுக்காவது இறங்க வேண்டும் என்பது நிலையான வளர்ச்சி இலக்கு.

ஒரு சர்வே கோப்பை வைத்துப் பழகுங்கள்

மென்பொருள் எது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆர், ஸ்டாட்டா, எஸ்ஏஎஸ், ஏதோ ஒன்று நன்றாக வந்தால் போதும். தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. எக்செலில் பார்க்கலாம், சுத்தம் செய்யக் கூடாது. அது 15 இலக்கத்துக்கு மேல் எண்ணைக் காப்பாற்றாது. பதினாறு இலக்க அடையாள எண்ணைத் திறந்து சேமித்தால் கடைசி இலக்கம் சுழியாகிவிடும், யாருக்கும் தெரியாது.

பழகுவதற்கு 1984 முதல் பல நாடுகளில் நடந்த டிஎச்எஸ் (மக்கள்தொகை, சுகாதார) சர்வேக்களின் கோப்பு அமைப்பு அருமையானது. உண்மைக் கோப்புகளுக்கு அனுமதி கேட்க வேண்டும். பழகுவதற்கென்றே உருவாக்கிய மாதிரிக் கோப்புகளும் உண்டு. பிறப்புகள் பிஆர் கோப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கேஆர் கோப்பில், பெண்கள் ஐஆர் கோப்பில்.

கேஆர் கோப்பைத் திறந்து எம்19 என்ற பத்தியை எடுங்கள். அது பிறப்பு எடை, கிராமில். அப்படியே சராசரி எடுத்தால் விசித்திரமான எண் வரும், ஏனென்றால் 9996 என்றால் எடை போடவில்லை, 9998 என்றால் தெரியாது. இவற்றை நீக்கிவிட்டு, ஒவ்வொரு எடையும் எத்தனை முறை வருகிறது என்று வரைபடம் போடுங்கள். 2,500, 3,000, 3,500 ஆகிய இடங்களில் எண்ணிக்கை கோபுரம் போல நிற்கும், நடுவே பள்ளம். தராசு பார்த்தவரும், நினைவிலிருந்து சொன்ன தாயும் முழு எண்ணுக்கு நகர்த்திவிடுகிறார்கள். உண்மையில் 2,450 இருந்த குழந்தையும் 2,500 என்று பதிவாகி, எடை குறைந்தோர் பட்டியலிலிருந்து தப்பிவிடுகிறது. இதைச் சரிக்கட்ட, சரியாக 2,500 என்று உள்ளவர்களில் கால் பங்கை எடை குறைந்தோர் பக்கம் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். எடை அட்டையிலிருந்து வந்ததா வாய்வார்த்தையா என்பதை எம்19ஏ சொல்லும். இரண்டையும் பிரித்து வரைந்து பாருங்கள்.

அடுத்து பிஆர் கோப்பில் பி6 என்ற பத்தி, இறந்த வயது. முதல் இலக்கம் 1 என்றால் நாள், 2 என்றால் மாதம், 3 என்றால் வருடம். 103 என்றால் மூன்றாம் நாள். 212 என்றால் பன்னிரண்டாம் மாதம், அந்த இடத்தில் மறுபடி ஒரு கோபுரம். "ஒரு வயசுல போயிடுச்சு" என்று தாய் சொல்வது பத்தாம் மாதமாகவும் இருக்கலாம், பதினான்காகவும் இருக்கலாம். பன்னிரண்டு என்று எழுதினால் அது சிசு இறப்புக் கணக்கில் வராது.

வெயிட்டை மறக்கக் கூடாது. இது குழந்தையின் எடை இல்லை, சர்வே மாதிரியில் ஒவ்வொருவருக்கும் தரப்படும் மதிப்பு: வி005 என்ற பத்தியை 10 லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று, சிசு இறப்பு விகிதத்தை இறந்தவர்களைப் பிறந்தவர்களால் வகுத்து இங்கே எடுக்க முடியாது. போன மாதம் பிறந்த குழந்தை இன்னும் ஓராண்டை முடிக்கவில்லை, அதைத் தப்பிப் பிழைத்ததாக எண்ணினால் விகிதம் செயற்கையாகக் குறையும். அதனால்தான் வயதைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டுப் பெருக்குகிறார்கள்.

இதையெல்லாம் செய்து, எழுதிய நிரலும் இரண்டு வரைபடமும் ஒரு பக்க விளக்கமும் இணையத்தில் போட்டுவைத்தால், விண்ணப்பத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

விண்ணப்பமும் நேர்காணலும்

விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். குழந்தைகள் மேல் உள்ள பிரியத்தைப் பற்றிப் பத்தி எழுதுபவர்கள் அதிகம். படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். என்ன கோப்பில் என்ன செய்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்று எழுதுங்கள்.

நேர்காணலில் நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு மாவட்டத்தில் போன ஆண்டு தாய் இறப்பு இரண்டு, இந்த ஆண்டு நான்கு. இரட்டிப்பாகிவிட்டது என்று செய்தி வருகிறது, என்ன சொல்வீர்கள்? பலர் உடனே காரணம் தேடப் போய்விடுவார்கள். நிதானமாக இருப்பவர், இவ்வளவு சிறிய எண்ணில் தற்செயலே இந்த ஏற்ற இறக்கத்தைத் தரும் என்று தொடங்குவார். அரிதான நிகழ்வுகளை எண்ணும்போது பயன்படும் பாய்சான் பரவல்படி, இரண்டு என்ற எண்ணுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 0.2 முதல் 7.2 வரை. நான்குக்கு 1.1 முதல் 10.2 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துகிடக்கின்றன. பிறகு, பதிவு முறை இந்த ஆண்டு மேம்பட்டதா, அதாவது முன்பு விடுபட்டவை இப்போது அகப்படுகின்றனவா என்று கேட்பார். இவை இரண்டும் வந்துவிட்டால் எனக்கு மீதி நேர்காணல் தேவைப்படாது. அதற்காக அந்த நான்கு மரணங்களையும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. விகிதம் எதையும் சொல்லாத இடத்தில், ஒவ்வொரு மரணத்தையும் தனியாக விசாரிப்பதுதான் வழி.

முதல் வாரம்

கணினியைத் திறக்க அவசரப்படாதீர்கள். நிரப்பாத படிவத்தை வாங்கி முழுதாகப் படியுங்கள். முடிந்தால் அதை நிரப்புகிறவர், தட்டச்சு செய்கிறவர் இருவர் பக்கத்திலும் அரை நாள் உட்காருங்கள். கர்ப்ப வாரம் தெரியாதபோது என்ன எழுதுவார்கள்? கட்டத்தை வெறுமையாக விட முடியாத மென்பொருளானால் 40 என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அதை உங்களுக்கு எந்தக் கையேடும் சொல்லாது, அவர்கள்தான் சொல்வார்கள். சுழிக்கும் வெற்றிடத்துக்கும் வித்தியாசம் காட்டாத அறிக்கைகளும் உண்டு: "0 பிரசவம்" என்பது பிரசவமே இல்லையா, அந்த மாதம் அறிக்கையே வரவில்லையா?

இதே வாரத்தில் இன்னொரு கேள்வியையும் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிகழ்வு எந்த ஊர்க் கணக்கில் ஏறுகிறது, பிரசவம் நடந்த ஊரிலா, தாய் வசிக்கும் ஊரிலா? பெரிய மருத்துவமனை இருக்கும் ஊருக்குச் சுற்றுவட்டாரத்தின் சிக்கலான கேஸ்கள் எல்லாம் அனுப்பப்படும். நிகழ்ந்த இடத்தை வைத்து எண்ணினால், நல்ல மருத்துவம் இருக்கும் ஊர்தான் படத்தில் சிவப்பாகத் தெரியும், அனுப்பிவிட்ட ஊர்கள் பச்சையாக இருக்கும். மேலே வசிப்பிடத்தையும் கீழே நிகழ்ந்த இடத்தையும் வைத்து வகுத்துவிட்டால் இன்னும் மோசம். அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஆனாலும் பார்க்க நல்ல எண் போலத்தான் இருக்கும், அதுதான் வம்பு.

சுத்தம் செய்வதும் இணைப்பதும்

மூலக் கோப்பின் மேல் கை வைக்காதீர்கள். எல்லா மாற்றமும் நிரல் வழியாக, இன்னொரு கோப்பில்.

தனித்தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கும் மதிப்புகள் சேர்ந்தால் பொருந்தாமல் இருக்கும். 26 வாரம் சரி, 3,400 கிராம் சரி, இரண்டும் ஒரே குழந்தைக்கு என்றால் ஏதோ ஒன்று தவறு. பெரும்பாலும் வாரம்தான். அதை நீங்களே திருத்தாமல், அடையாளமிட்டு, எத்தனை வரிகள் இப்படி என்று எழுதி, அலுவலகத்தின் விதி என்ன என்று கேளுங்கள்.

பிறப்புப் பதிவையும் இறப்புப் பதிவையும் இணைக்கும் வேலை இன்டர்ன்களுக்கு அடிக்கடி வரும். பெரியவர்களைப் பெயரால் இணைக்கலாம். பிறந்த மூன்று மணி நேரத்தில் இறந்த குழந்தைக்குப் பெயரே இருக்காது. தாயின் பெயர், பிறந்த தேதி, பாலினம், மருத்துவமனை இவற்றை வைத்துத்தான் தேட வேண்டும். இரட்டையர் என்றால் நான்கும் ஒன்றாகவே இருக்கலாம். இணையாமல் போகிறவை கண்டபடி சிதறியிருக்காது. மிகச் சீக்கிரம் இறந்தவை, ஊர் மாறியவை என்று ஒரு பக்கமாகவே சாயும். ஆகவே எத்தனை சதவீதம் இணைந்தது என்பதோடு நிறுத்தாமல், இணையாதவை யார் என்று ஒரு அட்டவணை போடுங்கள். நல்ல மேற்பார்வையாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இரண்டு பொறிகள்

கர்ப்பகாலப் பரிசோதனைக்கு எத்தனை முறை வந்தார்கள் என்பதையும் குறைப்பிரசவத்தையும் சேர்த்து வரைந்தால், குறைவாக வந்தவர்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம் என்று அழகான படம் கிடைக்கும். 30 வாரத்தில் பிரசவமானவருக்கு 36ஆம் வாரப் பரிசோதனைக்கு வர வழியே இல்லையே! முதல் பரிசோதனை எந்த வாரத்தில் நடந்தது என்று பார்ப்பது ஓரளவு நியாயமான வழி.

இன்னொன்று பழைய கதை. எடை குறைந்த குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, புகைபிடிக்கும் தாய்மாரின் குழந்தைகள் கூடுதலாகப் பிழைப்பதுபோலத் தெரிந்தது. 1971இல் யெருஷால்மி என்ற ஆய்வாளர் எழுதியதிலிருந்து இது பெரிய விவாதமானது. புகை குழந்தையைக் காப்பாற்றவில்லை. புகைக்காத தாய்க்கு எடை குறைந்து பிறந்தது என்றால் பிறவிக் குறைபாடு போன்ற வேறு கடுமையான காரணம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் அந்தக் குழந்தைகள் அதிகம் இறக்கின்றன. கர்ப்பத்தின் விளைவாக வருகிற ஒன்றை வைத்துக் கூட்டத்தைப் பிரித்துவிட்டு, அதற்குள் காரணம் தேடும்போதெல்லாம் இந்தப் பொறி காத்திருக்கும்.

ரகசியம், பிறகு மனது

சிறிய ஊரில் ஒரு மாதத்தில் ஒரு தாய் இறப்பு என்று அட்டவணையில் வந்தால், பெயர் போடாமலே அது யார் என்று ஊருக்குத் தெரியும். அதனால் 5க்கோ 10க்கோ குறைவான எண்களை மறைக்கும் விதி பெரும்பாலான அலுவலகங்களில் இருக்கும். உங்கள் இடத்தில் எல்லை எது என்று கேளுங்கள். ஒரு கட்டத்தை மறைத்துவிட்டுக் கூட்டுத்தொகையைக் காட்டினால் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், கூடவே இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும். தனிநபர் வரிகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது, பிழையைக் காட்ட வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் போடுவது, ஏஐ உரையாடல் கருவியில் ஒட்டிக் கேட்பது எதுவும் கூடாது. உதவி வேண்டுமென்றால் பொய்யான ஐந்து வரி எழுதி அதைக் காட்டுங்கள்.

மறு ஆய்வு அறிக்கைகளைப் படிக்கும் வேலை வந்தால், அவை நீளமான கதைகள் என்பதை எதிர்பார்த்துப் போங்கள். 1994இல் தாடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த மூன்று தாமதங்கள் அவற்றைப் பிரித்துப் பார்க்க உதவும்: உதவி தேட முடிவெடுப்பதில், மருத்துவமனையைப் போய்ச் சேர்வதில், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில். ஒரே நாளில் பத்து அறிக்கை படிக்காதீர்கள். ஒருவேளை உங்கள் வீட்டிலோ உங்களுக்கோ இப்படி ஒரு இழப்பு நடந்திருந்தால், வேறு கோப்பு கேட்க முழு உரிமை உண்டு.

முடிவை எழுதுவது

யார் படிக்கப்போகிறார், அவரால் எதை மாற்ற முடியும் என்று தெரிந்துகொண்டு ஒரு பக்கம் எழுதுங்கள். விகிதத்தோடு இடைவெளியையும், எத்தனை நிகழ்வுகளிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இருபதுக்குக் குறைவான நிகழ்வுகளில் எழுந்த விகிதத்தை நம்பகமற்றது என்று குறிப்பதே பல இடங்களில் நடைமுறை.

வார்த்தையிலும் கவனம் வேண்டும். "தாய்மார்கள் பரிசோதனைக்கு வரவில்லை" என்று எழுதுவதற்கும் "பரிசோதனை பதிவாகவில்லை" என்று எழுதுவதற்கும் நிறைய தூரம். உங்கள் கோப்புக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டும்.

ஒப்படைப்பு

கடைசி வாரத்தைப் புதிய அலசலுக்குச் செலவழிக்காதீர்கள். பக்கத்து மேசைக்காரரின் கணினியில் உங்கள் நிரல் முதலிலிருந்து கடைசிவரை ஓடுகிறதா என்று அவரையே ஓட்டச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் முதல் வரியிலேயே உங்கள் கோப்புறைப் பாதையில் நின்றுவிடும். ஒவ்வொரு பத்தியும் என்ன, எந்த மதிப்பை ஏன் நீக்கினீர்கள், எது இன்னும் தீரவில்லை என்று எழுதிவையுங்கள். கட்டுரையாக வெளிவந்தால் பெயர் வருமா, கல்லூரியில் சமர்ப்பிக்க எந்த அட்டவணையை எடுத்துப்போகலாம் என்பதை அங்கே இருக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிறகு உங்கள் மடிக்கணினியில் உள்ள தரவுப் பிரதிகளை அழித்து, கணினிக் கணக்கை மூடச் சொல்லி, அழித்ததையும் மூடியதையும் மேற்பார்வையாளருக்கு ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.